முறைப்படிதான் பார்த்தேன்

ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிடுங்கள், மேடம். காகிதம் படபடக்கிறது. எனக்குச் சத்தமாகப் பேசி வழக்கமில்லை. அத்தனை பெண்பிள்ளைகளை வைத்து விடுதி நடத்துகிறவள் தொண்டை கிழியக் கத்துகிறவளாகத்தான் இருப்பாள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் ஒருநாளும் கத்தியதில்லை. மெதுவாகக் கேட்டால்தான் பதில் வரும்.

நேற்று இந்த போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் எழுத்தர் எழுதியதை வாசித்துக் காட்டினார். விடுதிக் காப்பாளர் ஷெர்லின், நோயின் தீவிரத்தை அறியாமல், மாதாந்திர வயிற்றுவலி என்று கருதித் தாமதம் செய்துவிட்டார் என்று இருந்தது. சரிதானே என்றார். தலையாட்டினால் வீட்டுக்குப் போகலாம், என் நல்லதுக்குத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நல்ல மனுஷர். ஆனால் அதில் 'அறியாமல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதை மட்டும் எடுத்துவிடச் சொல்லத்தான் இன்று நானாகவே வந்தேன்.

நான் படப்பைக்காரி. தாம்பரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நெடுநாள் நர்ஸாக இருந்தேன். அங்கே ஒரு முறை உண்டு. ஆள் எப்படி அலறினாலும், எங்கே ரத்தம் கொட்டினாலும், கண் போகிற இடத்துக்குக் கை போகக்கூடாது. முதலில் தொண்டைவழி அடைத்திருக்கிறதா. பிறகு மூச்சு. பிறகு ரத்த ஓட்டம். பிறகு நினைவு. அதற்கப்புறம்தான் உடம்பைத் திறந்து பார்ப்பது. ஓர் இடத்தில் கோளாறு என்றால் அதற்கு வழி செய்யாமல் அடுத்ததுக்குத் தாண்டக்கூடாது. உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் ஆற அமரக் கேள்வி கேட்கலாம்: எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டாய், என்ன மருந்து எடுத்துக்கொண்டாய்.

கேள்வி கேட்பதில் நான் கெட்டிக்காரி. டாக்டரிடம் சொல்லாததை என்னிடம் சொல்வார்கள். ஒருமுறை எலி மருந்து தின்ற பெண் ஒருத்தி வந்தாள். என்ன தின்றாள், எவ்வளவு தின்றாள் என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. ஏன் தின்றாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. வயிறு கழுவுகிற குழாய் தயாராக இருந்தும் நான் அவள் கட்டிலை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருந்தேனாம். "சிஸ்டர், அது உங்க வேலை இல்ல, வெளிய வாங்க" என்று டாக்டர் எல்லார் முன்பும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் எழுத்தர் கேட்டாரே என்று சொல்கிறேன்.

வடக்குப்பட்டு விடுதிக்கு வந்ததிலிருந்து எனக்குக் குறையொன்றும் இல்லை. செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள், எல்லாம் தெற்கத்திப் பக்கம். சங்கரன்கோவில், கோவில்பட்டி, திருவேங்கடம். கம்பெனி பஸ் வாசலுக்கே வரும், ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். யார் எந்த ஷிப்ட், யார் ஓ.டி. பார்க்கிறாள், யாருக்கு ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

அவர்கள் என்னை நம்புவதற்குக் காரணம் உண்டு. ஒரு மழைநாளில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ எங்கள் தெருமுனையில் கவிழ்ந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்துகிறவளைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. நான் கத்தாமல் கிடந்தவளிடம் போனேன். கத்துகிறவளுக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். கிடந்தவள் எங்கள் எழிலரசி. நாக்கு உள்வாங்கித் தொண்டையை அடைத்திருந்தது. யாரோ ஒருவர் அவள் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டு, கழுத்து அசையாமல் தாடையை மட்டும் முன்னால் தூக்கிப் பிடித்தேன். இன்று அவளுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு: என்ன ஆனாலும் முதலில் அக்காவிடம் சொல்லு. 108க்கு அப்புறம் அடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தேன். நோயாளியாகப் படுக்க யாரும் முன்வர மாட்டார்கள், வெட்கம். தங்கமாரிதான் பாயை விரித்துப் படுப்பாள். செல்போன் உள்ளே வைக்கிற சின்னத் தகடுகளைக் கண்ணாடி வழியே பார்த்துப் பழுது பொறுக்குகிற வேலை அவளுக்கு. கூர்மையான கண். அவள் விரல்நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த நகம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது பாருங்கள், அதுதான் ரத்த ஓட்டம் என்று நான் மற்றவர்களுக்குக் காட்டுவேன். கூச்சத்தில் சிரிப்பாள். "செத்த பொணம் சிரிக்குது பாரு" என்று பாண்டிச்செல்வி கேலி செய்வாள். இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே ஷிப்ட்.

தங்கமாரி மீது எனக்குத் தனிப் பிரியம் இருந்தது. மறைக்கவில்லை. மாலையில் என் அறைக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை பேசுவாள். என்னிடம் அவள் எதையும் ஒளிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவளைக் கொண்டுவந்து விட்டபோது அவள் அப்பா கோமதிநாயகம் என் எதிரில் உட்காரக்கூட இல்லை. "எம்புள்ள ஒங்க பொறுப்பும்மா. தப்புத்தண்டா ஏதும் காதுல விழுந்தா எனக்கு ஒரு போன் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்றைக்குக் காலைச் சாப்பாடு முடிந்த நேரம். முதல் ஷிப்ட் போய்விட்டது, விடுதியில் ஆள் குறைவு. பாண்டிச்செல்வி படியிறங்கி ஓடிவந்தாள். "அக்கா, மாரிக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வருதாம். பாத்ரூம்லயே உக்காந்துட்டா."

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். முறைப்படிதான் பார்த்தேன், மேடம். பேசினாள், ஆகவே தொண்டைவழி சரி. மூச்சு கொஞ்சம் வேகம். கை குளிர்ந்து வியர்த்திருந்தது. நாடி விரலுக்கடியில் மெல்லிசாக ஓடிற்று. அடிவயிற்றில் கை வைத்ததும் துடித்தாள். பாண்டிச்செல்வியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"மாரி, இந்த மாசம் குளிச்சியா?"

"குளிச்சேன்க்கா. சரியா வந்துச்சு."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மாதாமாதம் நாப்கினை என்னிடம்தான் வாங்குவார்கள். அவள் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"தோள்பட்டைல வலி இருக்கா?"

"ஆமாக்கா. எப்படிக் கண்டுபிடிச்சீக?"

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே ஏறினால் தோளில் வலி எடுக்கும். கரு தங்க வேண்டிய பையில் தங்காமல் பக்கத்துக் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஆபரேஷன் ஒன்றுதான். கால் மணி நேரத் தூரத்தில் அதற்கு வசதியுள்ள ஆஸ்பத்திரி இருக்கிறது. இதெல்லாம் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுங்கள்.

அவள் நகத்தை அழுத்தினேன். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் மாணவி அல்லவா.

"அக்கா, நெகம் செவக்கலயே" என்றாள். "அடுத்து வண்டியக் கூப்புடணும்லா?"

"கூப்புடலாம். ஆஸ்பத்திரில எல்லாத்தையும் கேப்பாங்க. எனக்கு முழுசா தெரிஞ்சாத்தானே நான் சொல்ல முடியும். மறுபடி கேக்கறேன். குளிச்சியா?"

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு அழுதாள். இல்லை என்றாள். எனக்கு ஒரு நிம்மதி வந்தது, மேடம். அவள் மறுபடி என்னிடம் பொய் இல்லாமல் பேசுகிறாள் என்று. நெற்றியைத் துடைத்துவிட்டேன். அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"யாரு?"

அதற்குத்தான் அவள் பதில் சொல்லவில்லை.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற மாதிரிதான் நேற்று உங்கள் எழுத்தரும் பார்த்தார், மருந்து ஏதாவது மாற்றிக் கொடுத்தீர்களா என்று கேட்டபோது. கொடுக்கவில்லை. அவளுக்கு நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை. காலுக்கடியில் தலையணை வைத்து உயர்த்தினேன், அது ரத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகும். குளிரக்கூடாது என்று என் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினேன். என் செல்போனில் 108ஐ அழுத்தி, அழைக்கிற பச்சைப் பொத்தானை மட்டும் தொடாமல், அவள் பார்க்கும்படி கட்டில் மேல் வைத்தேன்.

"பேரச் சொல்லும்மா. சொன்ன ஒடனே வண்டி வந்துடும்."

"பேரு எதுக்குக்கா? பேரச் சொன்னாத்தான் ஆப்ரேசன் பண்ணுவாகளா?"

நியாயமான கேள்வி. நான் உண்மையைத்தான் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு வேணாம். எனக்கு வேணும்."

"ஒங்ககிட்டச் சொன்னா நீங்க எங்கய்யாட்டச் சொல்லிருவீக. வாக்குக் குடுத்திருக்கீகல்லா. அவுக எங்க ஆளுக இல்லக்கா. தெரிஞ்சா அவுகள உசுரோட விடமாட்டாக."

அவள் சொன்னதில் தப்பில்லை. கேட்டால் நான் சொல்லியிருப்பேன். பெற்றவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

மத்தியானம் இரண்டாம் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தபோது பாண்டிச்செல்வி அறைக்குள் வந்தாள். யூனிபார்ம் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். "அக்கா, இவ மூஞ்சியே சரியில்லயே. நான் சூப்பர்வைசர்ட்ட லீவு சொல்லிரட்டா? 108க்கு அடிச்சிரட்டா?"

"நான் பாத்துட்டேன். மாசாந்திர வலிதான். நீ கெளம்பு."

அவள் நகரவில்லை. தங்கமாரியைப் பார்த்தாள். அந்த இடத்தில் தங்கமாரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாண்டிச்செல்வியே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். தங்கமாரி என்ன சொன்னாள் தெரியுமா? "நீ போடி. அக்கா இருக்காகல்லா. அக்கா கூப்புடுவாக." சிரிக்கக்கூடப் பார்த்தாள். பாண்டிச்செல்வி இப்போது உங்களிடம் வந்து அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளைக் குறை சொல்லாதீர்கள். அவள் நான் சொன்னதைக் கேட்டாள். எல்லாரும் கேட்பார்கள்.

சமையல் செய்கிற கங்கம்மாளும் வந்து பார்த்தாள். அவள் வடக்குப்பட்டு ஊர்க்காரி, படித்தவள் இல்லை. "இன்னாமா இது, பொண்ணு மூஞ்சி சுண்ணாம்பாட்டம் கீது. எம்மவன் ஆட்டோ வாசல்லயே நிக்குது. ஏத்திக்கினு போயிரலாமா?" என்றாள். "நர்ஸ் நானா, நீயா கங்கம்மா?" என்றேன். அதையும் மெதுவாகத்தான் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே போனாள். ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெளியே கண்டெய்னர் லாரி போகிற சத்தம். நான் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நாடி மெலிந்துகொண்டே போனது. தண்ணீர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது, அது விதி. உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைத்தேன்.

அதட்டினேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவள் சின்ன வயதில் கண்மாயில் விழுந்த கதையை நானே அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அவளைக் கரைக்குத் தூக்கிப் போட்ட ஆளின் பெயரை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரைச் சொன்னவளுக்கு இந்தப் பெயரைச் சொல்ல ஏன் முடியவில்லை என்று கேட்டேன். கம்பெனியில் வேலை பார்க்கிறவனா? பஸ் டிரைவரா? மணிமங்கலம் பக்கம் ரூம் எடுத்திருக்கிற பையன்களில் ஒருவனா? ஒவ்வொன்றாகச் சொல்லி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தைப் படித்துவிடுவேன் என்று தெரிந்துதான் மூடினாள்.

ஒரு தடவை என் கையை அவள் பக்கம் இழுத்தாள். சொல்லப்போகிறாள் என்று காதைக் கொண்டுபோனேன். "கேக்காதீகக்கா" என்றாள். "எனக்குப் பயமாருக்கு. கூப்புடுங்க."

அந்தப் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. தொட்டிருந்தால் போதும். உங்களுக்கு இது புரியுமோ என்னவோ, மேடம், அவ்வளவு தூரம் வந்தபின் பாதியில் விட முடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாள் என்றே இருந்தது. உங்களுக்கும் விசாரணையில் அப்படித் தோன்றியிருக்கும்.

அப்புறம் கூப்பிட்டால் மட்டும் கண் திறந்தாள். அப்புறம் கிள்ளினால் முனகினாள். அப்புறம் அதுவும் இல்லை. பதில் சொல்ல முடியாதவளிடம் கேட்டுப் பயனில்லை. அப்போது 108ஐ அழைத்தேன்.

அவர்கள் தாமதிக்கவே இல்லை. அவர்கள்மேல் ஒரு சொல் விழக்கூடாது. வந்த டெக்னீஷியன் தம்பியிடம் வயது, நாடி, மூச்சு, எங்கே வலி, கடைசியாக எப்போது சாப்பிட்டாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம் என்றும் சொன்னேன். இப்போதுதான் வலி வந்து மயங்கினாள் என்று சொன்னது மட்டும் பொய். "நல்லாப் பாத்திருக்கீங்கக்கா, பாதிப் பேருக்கு இது தெரியாது" என்றார் அவர். ஆபரேஷன் அறை வாசலில் தங்கமாரி இறந்துபோனாள்.

மறுநாள் பிணவறை வெளியில் கோமதிநாயகம் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்களால பக்கத்துல இருக்க முடியல. நீங்க கடைசி வரைக்கும் எம்புள்ள கையப் புடிச்சிக்கிட்டே இருந்தீகளாமே, தாயே" என்றார். ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

ஆகவே இப்படி எழுதுங்கள். ஷெர்லினுக்குத் தெரியும். காலையிலேயே தெரியும். ரத்த ஓட்டத்தில் கோளாறு கண்ட இடத்தில் நின்று வண்டியை அழைத்திருக்க வேண்டும் என்பதும், அதைத் தாண்டிக் கேள்விக்குப் போகக்கூடாது என்பதும் தெரியும். அழைத்திருந்தால் பிழைத்திருப்பாள். அழைக்க விடாமல் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். ஒரு பகல் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு அவளைச் சாகவிட்டேன். என்ன தண்டனையோ கொடுங்கள். தெரியாமல் செய்தவள் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

இதில் எனக்குக் கோபமோ வன்மமோ இல்லை. அவள் நல்லதுக்காகத்தான் கேட்டேன். விவரம் முழுசாகத் தெரிந்தால்தானே ஒரு பெண்ணுக்கு நல்லது செய்ய முடியும். அதற்கு மேல் அந்தப் பையன் யாராக இருந்தால் எனக்கென்ன.

அவள் செல்போன் உங்களிடம்தானே இருக்கிறது. பூட்டைத் திறந்துவிட்டீர்கள் என்று வெளியே கான்ஸ்டபிள் பேசிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மேடம். நீங்கள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

அவன் பெயர் என்ன?